ஒரே வாசல், மூன்று அடுப்பு



போன வாரம் நான் போட்ட கோட்டைப் படத்துக்குக் கீழே நிறையப் பேர் "டீச்சர், இது எந்த ஊர்?" என்று கேட்டிருந்தீர்கள். ஒரு பிள்ளை "சினிமா செட்டா டீச்சர்?" என்று கேட்டிருந்தான். செட் இல்லையப்பா, உண்மையான கோட்டை. இரண்டு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. அதனால் தனிப் பதிவாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஃபோனில் தட்டுவதால் எழுத்துப்பிழை இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிழைகளை நான் ஒருநாளும் பொறுத்துக்கொண்டதில்லை என்று யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.

மகள் வீட்டுக்கு ஜெர்மனிக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. அவள் இருப்பது பான் நகரத்தில். ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை காரில் கூட்டிப்போய்க் காட்டிய கோட்டைதான் இது. பெயர் எல்ட்ஸ். ஜெர்மன்காரர்கள் பூர்க் எல்ட்ஸ் என்கிறார்கள். பூர்க் என்றால் கோட்டை. கோப்லென்ஸ், ட்ரியர் என்ற இரண்டு பழைய ஊர்களுக்கு நடுவே, மோசல் ஆற்றுக்குப் பக்கத்துக் காட்டுக்குள் இருக்கிறது. அந்த ஆற்றில் போய்க் கலக்கும் எல்ட்ஸ்பாக் என்ற ஓடைதான் கோட்டைக்கும் குடும்பத்துக்கும் பெயர் கொடுத்தது.

கார் நிறுத்தும் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் கீழே இறங்க வேண்டும். என் முழங்காலை நினைத்து மாப்பிள்ளை சின்ன பஸ்ஸில் ஏற்றிவிட்டார். இறங்கிப் போகும்போதே எனக்கு ஒரு சந்தேகம். நாம் செஞ்சியைப் பார்த்தவர்கள். கோட்டை என்றால் மேலே ஏறித்தானே போக வேண்டும்? இங்கே என்னடா என்றால் பள்ளத்துக்குள் இறங்குகிறோம்! ஒரு வளைவு திரும்பியதும் விஷயம் புரிந்தது. பள்ளத்தின் நடுவில் 70 மீட்டர் உயரத்துக்கு ஒரு பாறை தனியாக நிற்கிறது. மூன்று பக்கமும் ஓடை சுற்றிப் போகிறது. அந்தப் பாறையின் தலையில் கூட்டமாக எட்டுக் கோபுரங்கள், சில 35 மீட்டர் உயரம் வரை. கூரையெல்லாம் கறுப்புப் பலகைக்கல். சுற்றியுள்ள மலைகள் பாறையைவிட உயரம். அதனால் பக்கத்தில் வரும்வரை கோட்டை கண்ணில் படுவதே இல்லை.

இவ்வளவு ஒளிவான இடத்தில் கோட்டை எதற்கு? அந்தக் காலத்தில் மோசல் ஆற்றங்கரையிலிருந்து மேட்டுநிலத்து ஊர்களுக்குப் போகும் வணிகப் பாதை இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போனது. மேலே மைஃபெல்ட் என்கிற, தானியம் நன்றாக விளையும் பூமி. பாதையைக் கையில் வைத்திருந்தவன் கையில்தான் பணம்.

இந்தக் குடும்பத்தின் பெயர் முதலில் எழுத்தில் வருவது 1157-ல். பார்பரோசா என்று நாம் படித்தோமே, செந்தாடிப் பேரரசர் பிரெடரிக், அவர் கொடுத்த ஒரு தானப் பத்திரத்தில் சாட்சியாக ருடால்ஃப் என்ற எல்ட்ஸ் பிரபு இருக்கிறார். நம் தஞ்சாவூரை இரண்டாம் இராஜராஜன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. அன்றைக்கு இந்தப் பாறை யார் கையில் இருந்ததோ அந்தக் குடும்பத்தின் கையில்தான் இன்றும் இருக்கிறது. அரசாங்கத்துக்குப் போகவில்லை, வங்கிக்குப் போகவில்லை, ஓட்டல்காரனுக்கும் போகவில்லை. 850 வருஷத்துக்கு மேல், 33 தலைமுறை தாண்டிவிட்டது. இதைக் கேட்டதும் டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். மகள் "வாம்மா, வரிசை நகருது" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

பிள்ளைகளே, ஒரே குடும்பம் என்றதும் ஒரு தாத்தா, ஒரு அப்பா, ஒரு மகன் என்று நேர்க்கோடு போட்டுவிடாதீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

1268-க்குள்ளேயே இந்தச் சொத்து மூன்று சகோதரர்களுக்குப் பிரிந்துவிட்டது. எலியாஸ், வில்ஹெல்ம், தியோடெரிக் என்று பெயர். மூவரும் தனித்தனிச் சின்னம் வைத்துக்கொண்டார்கள். ஒருவருக்குத் தங்கச் சிங்கம், ஒருவருக்கு எருமைக்கொம்பு, ஒருவருக்கு வெள்ளிச் சிங்கம். பிற்காலத்தில் அந்த மூன்று கிளைகளுக்கும் கெம்பெனிக், ரோடென்டோர்ஃப், ரூபெனாக் என்று பெயர் நிலைத்தது. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், பரீட்சையில் வராது. நிலத்தைப் பிரித்தார்கள், சின்னத்தைப் பிரித்தார்கள், பாறையை மட்டும் பிரிக்கவில்லை. அது ஒன்றுதானே இருக்கிறது! மூன்று குடும்பமும் அதே மதிலுக்குள் அவரவர் வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். இப்படிப் பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் கோட்டைக்கு ஜெர்மன் மொழியில் தனிப் பெயரே உண்டு, கானெர்பென்பூர்க். கூட்டு வாரிசுக் கோட்டை என்று சொல்லலாம்.

நான் சிவகங்கைப் பக்கம் வேலை பார்த்தபோது செட்டிநாட்டு வீடுகளில் இதே ஏற்பாட்டைப் பார்த்திருக்கிறேன். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் "வேறு வைப்பார்கள்." அதே வீடு, அதே முகப்பு, அதே வளவு. ஆனால் அறை தனி, உலை தனி. வெளியூரிலிருந்து போன எனக்கு முதலில் அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஒரு வீட்டுக்குள் இத்தனை அடுப்பா என்று. போகப் போகத்தான் அதில் எவ்வளவு நிம்மதி இருக்கிறது என்று தெரிந்தது.

கோட்டை முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் இந்தப் பிரிவினை அப்படியே கல்லில் தெரிகிறது. முற்றம் சின்னது. நாலு பக்கமும் வீடுகள் ஒன்றையொன்று தோளால் இடித்துக்கொண்டு மேலே போகின்றன. அகலத்துக்கு இடமில்லை, பாறை விடவில்லை. அதனால் மாடிமேல் மாடியாக உயரத்தில் வளர்ந்திருக்கிறார்கள். கீழே கனமான கல்சுவர், மேல்மாடிகள் பல இடத்தில் மரச்சட்டம் கட்டி இடையை அடைத்தவை. அவை பாரமும் குறைவு, செலவும் குறைவு. பாறை நீள்வட்டம் என்பதால் சுவர்களும் அதன் போக்கிலேயே வளைகின்றன. நேர்மூலை உள்ள அறை அபூர்வம். நம் ஊர்க் கொத்தனார் ரசமட்டத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்.

எல்லாவற்றிலும் பழையது பிளாட்எல்ட்ஸ் என்ற சதுரக் கோபுரம், முதல் கோட்டையின் மிச்சம். வெள்ளிச் சிங்கக்காரர்களின் ரூபெனாக் வீடு 1472-ல் முடிந்தது. எருமைக்கொம்புக்காரர்களின் ரோடென்டோர்ஃப் வீடு 1490 வாக்கில் தொடங்கி 1540 வரை போயிருக்கிறது. தங்கச் சிங்கக்காரர்கள் கெம்பெனிக் வீட்டை எடுத்துக் கட்டியது அதற்கும் பிறகு, 1600-களில். நடுவில் முப்பதாண்டுப் போர் வந்து வேலை இழுத்தது. ஆக ஒரே முற்றத்தில் நின்றபடி சுமார் 500 வருஷக் கட்டடக் கலையைப் பார்த்துவிடலாம். ஒருவர் பெரிதாகக் கட்டினால் அடுத்தவர் சும்மா இருப்பாரா? பங்காளிகள்தானே! அந்தப் போட்டியில்தான் இந்தக் கோட்டை இவ்வளவு அழகாக வந்தது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

உள்ளே படம் எடுக்க விடவில்லை. ஆகவே சொல்லித்தான் ஆக வேண்டும். ரூபெனாக் வீட்டுப் படுக்கையறையில் சுவர் முழுக்க 15-ஆம் நூற்றாண்டுப் பூங்கொடி ஓவியம். கட்டில் ஒரு மேடைமேல், சுற்றித் திரைச்சீலை. அலங்காரத்துக்கு என்று நினைத்தேன், இல்லை, குளிருக்காம். அந்த அறையிலிருந்து வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு ஒரு சின்னப் பிரார்த்தனை மாடம் இருக்கிறது. கடவுள் இருக்கும் இடத்துக்கு மேலே மனிதர்கள் குடியிருக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மாடியோ எட்டு. அதனால் சுவருக்கு வெளியே தள்ளிக் கட்டினால் தலைக்கு மேல் ஆகாயம்தான். பூஜையறைக்கு மேலே பாத்ரூம் வரக்கூடாது என்று நாம் எஞ்சினியரிடம் மல்லுக்கட்டுவதில்லையா, அதேதான்.

மொத்தம் நூறு அறைக்கு மேல். கழிப்பறைகள் சுமார் 20, மழைநீரைக் கொண்டு கழுவிவிடும்படி அமைத்தவை. ஒரு காலத்தில் குடும்பத்தார் மட்டுமே நூறு பேர் வரை இங்கே வாழ்ந்திருக்கிறார்கள், வேலையாட்கள் கணக்கு தனி. ரோடென்டோர்ஃப் சமையலறையைப் பார்த்தபோது எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. பெரிய கணப்பு, ரொட்டி சுடும் அடுப்பு, மாவு கொட்டி வைக்கும் மரப்பெட்டி. ராஜா சிம்மாசனத்தைவிட இதெல்லாம்தான் எனக்குப் பிடிக்கிறது, என்ன செய்ய.

வீடு தனி, அடுப்பு தனி, சரி. வாசல்? மதில்? காவல்காரன் சம்பளம்? மதில் இடிந்தால் யார் கட்டுவது? இதற்கெல்லாம் அவர்கள் எழுதி வைத்தார்கள். பூர்க்ஃபிரீடன் என்று பெயர். "கோட்டை அமைதி" என்று பொருள் வரும். இத்தகைய கூட்டுக் கோட்டைகளில் வாரிசுகள் எல்லாரும் உட்கார்ந்து முத்திரை வைத்த பத்திரங்கள் அவை. பொது இடம் எது, யார் எவ்வளவு செலவு தர வேண்டும், யாருக்கு என்ன உரிமை, மதிலுக்குள் ஒருவன் இன்னொருவன்மேல் கை வைத்தால் என்ன தண்டனை என்று எல்லாம் அதில் வரும். வெளியே சண்டை இருக்கலாம், வாசலுக்கு உள்ளே கூடாது. இந்தச் சொல் அவர்கள் மொழியில் எவ்வளவு ஊறிப்போனது என்றால், 1914-ல் உலகப்போர் தொடங்கியதும் ஜெர்மன் கட்சிகள் தங்களுக்குள் சண்டையை நிறுத்தி வைத்தன, அதற்கும் பூர்க்ஃபிரீடன் என்றுதான் பெயர் வைத்தார்கள்.

எல்லாரும் கூடிப் பேசும் பெரிய கூடமும் உண்டு. அதன் சுவரில் கோமாளி முகங்கள் செதுக்கி இருக்கின்றன. வாசலுக்கு மேலே ஒரு ரோஜாப்பூ. கோமாளிக்கு எதையும் பேச உரிமை உண்டு, ஆகவே இந்தக் கூடத்தில் மனதில் உள்ளதைப் பேசலாம். ரோஜா மௌனத்தின் அடையாளம், ஆகவே பேசியது வாசலைத் தாண்டக் கூடாது. இதைக் கேட்டதும் நான் மகளைப் பார்த்தேன், மகள் என்னைப் பார்த்தாள். நம் சொந்தங்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

சண்டையே பார்க்காத கோட்டை என்று நினைத்துவிடாதீர்கள். 1331-ல் பெரிய சண்டை வந்தது. ட்ரியரின் பேராயர் பால்டுவின், மதத் தலைவர் மட்டுமில்லை, அந்தப் பகுதியை ஆள்பவரும் அவர்தான். முந்தைய பேரரசர் ஏழாம் ஹென்றியின் உடன்பிறந்த தம்பி. சுற்றுவட்டாரப் பிரபுக்கள் எல்லாரும் தனக்கு அடங்க வேண்டும் என்றார். எல்ட்ஸ்காரர்கள், நாங்கள் நேராகப் பேரரசருக்குத்தான் கட்டுப்பட்டவர்கள் என்று பக்கத்துக் கோட்டைக்காரர்கள் சிலரோடு சேர்ந்து எதிர்த்தார்கள். பால்டுவின் பாறையைத் தாக்கி ஏறவில்லை. எதிர்மலையில், இவர்களைவிட உயரத்தில், இன்னொரு சின்னக் கோட்டை கட்டி, அங்கிருந்து கல்குண்டுகளை வீசினார். வழியை அடைத்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் முற்றுகை. உயரமான மலைகள் நடுவே ஒளிந்திருப்பதன் கஷ்டம் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். முடிவில் இறங்கிவந்தார்கள். 1336-ல் சமாதானம் முடிந்தது. பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்கள் என்ற கௌரவம் போயிற்று, பேராயருக்கு அடங்கியவர்கள் ஆனார்கள். ஆனால் கோட்டை இடிபடவில்லை. எதிரி கட்டிய அந்த மலைக்கோட்டைக்கே இந்தக் குடும்பத்து யோஹான் என்பவரைத்தான் காவல் தலைவராக வைத்தார் பால்டுவின். அந்தக் கோட்டையின் இடிபாடு மேலே மரங்களுக்கு நடுவில் இன்னும் தெரிகிறது. குடும்பமும் பிழைத்தது. 200 வருஷத்துக்குப் பிறகு, 1567-ல், அதே ட்ரியருக்கு யாக்கோப் என்ற எல்ட்ஸ் குடும்பத்துக்காரரே பேராயர் ஆனார்!

அடுத்த கண்டம் 1688-ல். பதினான்காம் லூயியின் பிரெஞ்சுப் படை ரைன் ஆற்றுப் பக்கமெல்லாம் கோட்டைகளையும் ஊர்களையும் கொளுத்தியது. ஹைடல்பெர்க் அரண்மனை இன்றைக்கும் அப்படியே இடிந்து நிற்கிறது. எல்ட்ஸ் தப்பியதற்குக் காரணம் மதிலும் இல்லை, பாறையும் இல்லை. ஹான்ஸ் அன்டோன் என்ற உறவுக்காரர் பிரெஞ்சுப் படையிலேயே உயர் அதிகாரி. இடிக்க வேண்டிய கோட்டைகளின் பட்டியலிலிருந்து இந்தப் பெயரை எடுக்க வைத்துவிட்டார். எதிரிப் படையில் போய்ச் சேர்ந்தவன் என்று அவரைக் குடும்பம் தள்ளி வைத்திருந்தால்? நான் மேலே எதுவும் சொல்லவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கிவிடுகிறேன். 1786-ல் ரோடென்டோர்ஃப் கிளை வாரிசில்லாமல் முடிந்தது. 1815-ல் கெம்பெனிக் கிளையின் ஹூகோ பிலிப், ரூபெனாக் பங்கையும் விலைக்கு வாங்கினார். ஐந்நூறு வருஷத்துக்கு மேல் மூன்று பேர் வைத்திருந்த கோட்டை அன்றைக்குத்தான் ஒருவர் கைக்கு வந்தது. அவர் மகன் கார்ல், 1845 முதல் 1888 வரை, 43 வருஷம் பழுதுபார்த்தார். செலவு 1,84,000 மார்க். அந்தக் காலத்தில் ஐரோப்பியப் பணக்காரர்கள் பழைய கோட்டையை வாங்கி, தங்கள் கற்பனைக்கு ஏற்றபடி இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் இருந்ததை இருந்தபடியே காப்பாற்றினார். 1920-ல் தீப்பிடித்துக் கோட்டையின் ஒரு பகுதி எரிந்தது. பத்து வருஷத்தில் அதையும் சரிசெய்தார்கள். 2009 முதல் 2012 வரை கூரைக்கும் சுவருக்கும் மறுபடி பெரிய வேலை, அரசாங்கமும் பணம் கொடுத்தது. பழைய 500 மார்க் நோட்டின் பின்பக்கத்தில் இருந்தது இந்தக் கோட்டைதான். இன்றைக்கு இரண்டு கிளைகளின் வீடுகளை நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். கெம்பெனிக் பகுதி அந்தக் குடும்பத்துக்கு மட்டும். அந்தப் பக்கத்து ஜன்னலில் திரை போட்டிருந்தது. மாப்பிள்ளை "ஆள் இருக்காங்க போல அத்தை" என்றார்.

இனி எழுதுவது முக்கியமாக நம் சொந்தங்களுக்கு. மாணவர்கள் வேண்டுமானால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், இடைவேளை மணி அடித்தாயிற்று.

நம் ஊர் வீடு பூட்டிக் கிடந்து பதினோரு வருஷம் ஆகிறது. அப்பா காரியம் முடிந்த பதினாறாம் நாள் திண்ணையில் உட்கார்ந்து பேசினோமே, அண்ணன், தம்பி, நான். வடக்கு அறைகள் யாருக்கு, தெற்கு யாருக்கு என்று அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. கிணறும் மோட்டாரும் கொல்லையும் பொது. தம்பி அப்போதே சொன்னான், "அக்கா, உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும், கரண்ட் பில்லு யாரு கட்டுறது, ஓடு மாத்தினா யாரு தர்றதுன்னு எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிரு" என்று. நான்தான் சிரித்தேன். "கூடப்பிறந்தவங்களுக்குள்ள என்னடா பத்திரம்? ஊரு சிரிக்கும்" என்றேன். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த நான், அந்த ஒரு காகிதத்தை எழுதவில்லை. இரண்டாம் வருஷமே மோட்டார் கரண்ட் பில்லில் தொடங்கிய பேச்சு எங்கே போய் முடிந்தது என்று எல்லாருக்கும் தெரியும். யார் எவ்வளவு பேசினார்கள் என்பதை இங்கே கிளற மாட்டேன். நானும் பேசினேன்.

அந்தக் கோமாளிக் கூடத்தில் நின்றபோது எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. வழிகாட்டிப் பெண் அடுத்த அறைக்குக் கூட்டத்தைக் கூட்டிப் போய்விட்டாள். மகள் திரும்பி வந்து கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

மார்கழிக் கடைசியில் ஊர் திரும்புகிறேன். அண்ணனுக்கு ஃபோனில் பேசிவிட்டேன், பொங்கல் கழித்து இரண்டு நாள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கோடு போட்ட முழுநீளத் தாள் நான் வாங்கி வருகிறேன், பேனாவும் என்னிடம் இருக்கிறது. தம்பி, இந்தப் பதிவை நீ படிப்பாய் என்று தெரியும், லைக் போடாவிட்டாலும் படிப்பாய். கொல்லைக்கதவுச் சாவி உன்னிடம்தானே இருக்கிறது? மறக்காமல் எடுத்து வா. முன்வாசல் பூட்டு துருப்பிடித்திருக்கும்.